முகப்புப் பக்கத்தில் நின்றவர்கள்

குருவுக்கு முப்பது வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குருவின் பெயர் சங்கரேஸ்வரி. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சர்வர் கணினிகளை, வேப்பங்குளத்தில் தன் மாமாவின் மாவு மில் மாடியில் உட்கார்ந்து பராமரித்துவந்தாள். சீடரின் பெயர் தங்கப்பழம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தார். காதுகுத்தோ, கல்யாணமோ, கண்ணீர் அஞ்சலியோ, அந்த ஊரின் முகங்கள் அவர் கைவழியாகத்தான் பெரிதாகின.

ஒருநாள் காலை அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் மாடி ஏறி வந்தார்.

"சொந்தமா ஒரு வெப்சைட் வைக்கணும். சொல்லிக் குடுப்பியா தாயி?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"கபடிக்கு."

கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி ஊரில் கபடிப் போட்டி நடக்கும். ஆண்கள் ஆட்டம் இரவில், விளக்கு வெளிச்சத்தில். உள்ளூர் கேபிளில் நேரலையாக வரும். பெண்கள் ஆட்டம் மதிய வெயிலில். ஆடுகிற பெண்களின் அம்மாக்கள் மட்டும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பார்கள்.

இந்த வருடம் விழாக் குழுத் தலைவர் சண்முகவடிவேல் கூட்டத்தில் சொல்லிவிட்டார். "பொம்பளப் பிள்ளைக ஆட்டத்தை யாருவே பாக்கா? இந்த வருசத்தோட நிறுத்திருவோம்."

குழுவில் தங்கப்பழம் ஒருவர்தான் எழுந்து நின்றார். "பாக்க வெச்சா பாப்பாங்க."

"வெச்சுக் காட்டும். இல்லைன்னா அடுத்த வருசம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டுத் தங்கப்பழம் பழச் சீப்பை மேசையில் வைத்தார். "ஸ்கோரை உடனுக்குடனே போடணும். துபாய்ல இருக்கவனும் பாக்கணும், திருப்பூர்ல இருக்கவனும் பாக்கணும். பாத்தாத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த வருசம் ஆட்டம்."

"இலவசமாவே இடம் தர்றாங்களே. அதுல வைக்கலாமே?"

"வெச்சேன். நம்ம கேப்டன் ஜெபராணி படத்துக்குப் பக்கத்துல ரம்மி விளம்பரம் போட்டுட்டான். அவ அப்பா நம்ம கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டுட்டுப் போறாரு. நம்ம இடமா இருந்தா நாம வைக்கிறதுதான இருக்கும்?"

"நாம வைக்கிறதுதான் இருக்கும்," என்றாள் சங்கரேஸ்வரி. "நாளைக்கு வாங்க."

மறுநாள் வந்தபோது அவர், "வணக்கம் குருவே," என்றார்.

"என்ன அண்ணாச்சி, கேலியா?"

"கேலியாத்தான் ஆரம்பிச்சேன். படி ஏறி முடிக்கிறதுக்குள்ள வாயில ஒட்டிக்கிச்சு."

அன்றிலிருந்து அவர் அவளை நீ என்று கூப்பிடவில்லை.

"கிளவுடு, கிளவுடுங்காங்களே. அது வானத்துலயா இருக்கு?"

"இல்ல. ஏதோ ஒரு ஊர்ல, ஏசி போட்டுப் பூட்டின கட்டடத்துல இருக்கு. அதுல ஒரு மூலையை வாடகைக்கு எடுக்கப் போறோம்."

"எந்த மூலை?"

"அது தெரியாது. அதனாலதான் மேகம்ங்கிறாங்க."

இருப்பதிலேயே சிறிய சர்வரை எடுத்தார்கள். திரை கறுப்பாகத் திறந்தது. மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. நாளெல்லாம் ஆயிரம் நிறங்களோடு வேலை செய்கிற தங்கப்பழம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"கலரே இல்லையே, குருவே."

"இதை யாரும் பாக்க மாட்டாங்க."

"யாரும் பாக்காத இடத்துல நமக்கு என்ன வேலை?"

"வேலை பூரா இங்கதான்."

குரு விசைப்பலகையைத் தொடவில்லை. ஒவ்வொரு வரியையும் சீடரே தட்டினார். தப்பாகத் தட்டினால் அவள் ஜன்னலைப் பார்ப்பாள். அவள் ஜன்னலைப் பார்த்தால் அவர் அழித்துவிட்டுத் திரும்பத் தட்டுவார்.

கடவுச்சொல்லாகக் கடைப் பெயரை வைக்கலாம் என்றார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். கடவுச்சொல் வேண்டாம், சாவி செய்யலாம் என்று கற்றுக்கொடுத்தாள். எண்ணும் எழுத்துமாக நீண்ட ஒரு சாவி. அது அவருடைய லேப்டாப்பில் மட்டும் இருக்கும்.

"இதை யார்கிட்டயும் குடுக்காதீங்க."

"உங்ககிட்ட?"

"எங்கிட்டயும்தான்."

அவர் லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வீடு கட்டிக் குடிபோகிறவரைப் போல முகம் இருந்தது.

பிறகு தளத்துக்கு ஒரு பெயர் வாங்கினார்கள். அந்தப் பெயரைச் சர்வரின் எண்ணோடு இணைத்தார்கள். தங்கப்பழம் போனில் பெயரைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார்.

"வரலையே?"

"பேரு எல்லா இடத்துக்கும் பரவணும். கொஞ்ச நேரம் ஆகும்."

"அழிச்சிட்டு வேற மாதிரிப் போட்டுப் பாக்கட்டுமா?"

"போஸ்டரை ஒட்டிட்டு, பசை காயறதுக்குள்ள உரிச்சு உரிச்சுப் பாப்பீங்களா?"

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கீழே மில்லில் யாருடைய மிளகாயோ அரைபட்டது. இருவரும் தும்மினார்கள். தும்மி முடித்துப் பார்த்தபோது பக்கம் வந்திருந்தது. வெள்ளைத் தாளில் ஒரே ஒரு வரி. சர்வர் வேலை செய்கிறது என்றது அது.

"வந்துருச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே மில்லை நிறுத்திவிட்டு மாமா எட்டிப் பார்த்தார். "யாருக்குவே என்ன வந்துருச்சு?"

"வீடு வந்துருச்சு, அண்ணாச்சி!"

முகவரிக்குப் பக்கத்தில், தளம் பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுப் படம் வரும்வரை இன்னும் சில நாட்கள் வேலை இருந்தது. ஸ்கோரைப் போனிலிருந்தே மாற்றுவதற்கு ஒரு பொத்தானும் செய்தார்கள். எல்லாம் ஓடியது.

"இனி உள்ள என்ன வைக்கணும்னு பாக்கலாம்," என்றாள் குரு.

தங்கப்பழம் முதல்முறையாகக் குருவைக் கைகாட்டி நிறுத்தினார். "அது நம்ம தொழில், குருவே. அதை எங்கிட்ட விட்ருங்க."

அவள் விட்டுவிட்டாள்.

மூன்று நாள் கழித்து அவர் கொண்டுவந்து காட்டினார். பக்கம் திறந்தது. முதலில் கோபுரம். கோபுரத்துக்கு முன்னால் கைகூப்பியபடி தலைவர் சண்முகவடிவேல். அவர் தோள் உயரத்துக்குச் செயலாளர். செயலாளரின் காது உயரத்துக்குப் பொருளாளர். அதன் பிறகு நகைக்கடைக்காரர், டாக்டர், ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர், பந்தல் போட்டவர், பந்தல் போட்டவரின் அண்ணன். யாருக்கு யாரைவிட எவ்வளவு பெரிய முகம் என்பதுதான் அந்தத் தொழிலின் நுட்பம். தங்கப்பழம் அதில் ஒருமுறைகூடச் சண்டை வர விட்டதில்லை. படங்களை அச்சுக்கு அனுப்பும் தரத்திலேயே ஏற்றியிருந்தார். சுருக்கினால் முகம் உடைந்துபோகும்.

"எப்படி?"

குரு பந்தல்காரரின் அண்ணன் வரை பார்த்தாள். "ஸ்கோர் எங்கே?"

"கீழ இருக்கு, குருவே." அவர் தள்ளினார். இன்னும் தள்ளினார். "இந்தா, வந்துருச்சு."

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அரையிறுதி அன்று மதியம் தங்கப்பழம் கோட்டோரம் நின்று ஸ்கோரைத் தட்டினார். ஊர்க்காரர்கள் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் தளத்தின் பெயரை முந்தின நாளே அனுப்பியிருந்தார். ஆட்டம் தொடங்கியதும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குக் கோபுரம் வந்தது. அப்புறம் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அவருடைய போனிலேயே பக்கம் திறக்கவில்லை.

பெண்கள் ஜெயித்தார்கள். ஜெபராணி முழங்காலில் மண்ணோடு வந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"எத்தன பேர் பாத்தாங்க, அண்ணாச்சி?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பரவால்ல அண்ணாச்சி," என்றாள் அவள். "அம்மா பாத்தாங்க."

மறுநாள் காலை, மில் திறப்பதற்கு முன்பே அவர் மாடியில் இருந்தார்.

"பெரிய சர்வரா எடுப்போம், குருவே. இது தாங்கல. எவ்வளவு ஆனாலும் எடுப்போம். இன்னைக்கு மதியம் ஃபைனல்."

"உக்காருங்க."

"உக்கார நேரமில்ல."

அவருடைய போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்து அக்கா மகன் ராஜலிங்கம். குரு ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள்.

"மாமா, நேத்து உங்க சைட்டைத் திறந்தேன். யாரோ ஒருத்தர் நெத்தி வரைக்கும் வந்தாரு. அதோட நின்னு போச்சு. ஸ்கோர் என்ன ஆச்சு?"

தங்கப்பழம் வாயைத் திறந்தார். குரு கைகாட்டி நிறுத்தினாள்.

"சொல்லுங்க. ஆனா உங்க பக்கத்துல இருக்கிற வரிசைப்படி."

"அப்படின்னா?"

"மேலேர்ந்து."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் குரு சொல்லிவிட்டாள். தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, கேட்டுக்கோ. ஊர்ப் பெருமை காக்கும் உத்தமர், கொடை வள்ளல், விழாக் குழுவின் நிரந்தரத் தலைவர் சண்முகவடிவேல் அவர்கள்..."

"மாமா?"

"அண்ணனின் நிழல், ஆற்றல்மிகு செயலாளர்..."

"மாமா, வேலைக்குப் போற வேன் வந்துருச்சு. ஸ்கோரை மட்டும் சொல்லுங்க."

"இரு மாப்ள. இளஞ்சிங்கம், பொருளாளர்..."

இணைப்பு அறுந்தது.

"மறுபடி கூப்பிடுங்க," என்றாள் குரு.

அவர் கூப்பிட்டார். "மாப்ள, பொருளாளர் வரைக்கும் சொல்லிட்டேன்..."

"விட்ட இடத்துலேர்ந்து இல்ல, அண்ணாச்சி. முதல்லேர்ந்து. சர்வர் அப்படித்தான் சொல்லும்."

"முதல்லேர்ந்தா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, ஊர்ப் பெருமை காக்கும் உத்தமர்..."

"மாமாவுக்கு என்னமோ ஆயிப் போச்சுடா," என்று ராஜலிங்கம் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. இந்த முறை அவனே வைத்துவிட்டான்.

தங்கப்பழத்துக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. குருவைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தானாகவே மூன்றாவது முறை கூப்பிட்டார். எடுத்ததும் ஒரே மூச்சில் சொன்னார். "முப்பத்தி நாலு, இருபத்தெட்டு. நம்ம பிள்ளைக ஜெயிச்சிட்டாங்க!"

"ஏ, அப்படிப் போடுங்க! இதைச் சொல்லவா மாமா இந்தப் பாடு?" பிறகு குரல் போனை விட்டு விலகியது. "ஏய், நம்ம ஊர்ப் பிள்ளைக ஃபைனல் வந்துட்டாங்கப்பா!"

வேனுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. யார் யாரோ கத்தினார்கள். வேன் கிளம்பி, குரல்கள் தேய்ந்து, போன் அடங்கும்வரை தங்கப்பழம் அதைக் காதருகிலேயே வைத்திருந்தார்.

"பெரிய சர்வர் வேண்டாம்," என்றார்.

குரு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இப்போது அவர் உட்கார்ந்தார்.

"முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல, குருவே?"

"ஸ்கோர் எங்கேன்னு கேட்டேன், அண்ணாச்சி."

அவர் லேப்டாப்பைத் திறந்தார். முகங்கள் வரிசையாக நின்றன.

"படத்தையெல்லாம் சின்னதாக்கிட்டா?"

"யாரை முதல்ல சின்னதாக்குவீங்க?"

அவர் யோசித்தார். பொருளாளரைச் சுருக்கினால் செயலாளர் பெரிதாகிவிடுவார். செயலாளரைச் சுருக்கினால் பந்தல்காரரின் அண்ணன் அவருக்குச் சமமாகிவிடுவார். எல்லோரையும் ஒரே அளவாக்கினால் தலைவர் இன்று மாலையே கடைக்கு வருவார்.

"தலைவரை மட்டும் வெச்சிட்டு மத்தவங்களை எடுத்தா?"

"எடுங்க."

"ஐயையோ. மத்த ஏழு பேரும் வருவாங்க." அவர் மோவாயைத் தடவினார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். "எல்லாரையும் எடுத்துட்டா ஒருத்தரும் சண்டைக்கு வர முடியாதுல்ல?"

"வரலாம். ஆனா எல்லாரும் சேர்ந்துதான் வரணும்."

"அவங்களா? சேர்ந்தா?" தங்கப்பழம் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "முப்பது வருசமா பாக்குறேன் குருவே, ஒரு டீயைக்கூட அவங்க சேர்ந்து குடிச்சதில்ல."

அவர் எடுக்கத் தொடங்கினார். தலைவர் போனார். செயலாளர் போனார். ஒவ்வொரு முகமும் போகும்போது கை தயங்கியது. இருந்தாலும் எடுத்தார். கோபுரத்தையும் கும்பிட்டுவிட்டு எடுத்தார்.

குரு தன்னிடமிருந்த பழைய போன் ஒன்றைக் கொடுத்தாள். திரையில் கீறல் விழுந்த, விலை குறைந்த போன். "இதுல திறங்க."

வட்டம் சுற்றியது.

"இன்னும் ஏன் சுத்துது?"

"இன்னும் ஒருத்தர் நிக்காரு."

அவர் பக்கத்தை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தார். அடிமூலையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி, தங்கப்பழம் டிஜிட்டல்ஸ் உரிமையாளர் நின்றிருந்தார். நல்வாழ்த்துகளுடன்.

சீடர் நீண்ட நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். "நல்லா விழுந்த படம், குருவே."

"ஆமா. நல்லாருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

பழைய போனில் பக்கம் தொட்டதும் திறந்தது. இரண்டு அணிகளின் பெயர். இரண்டு சைபர். வேறொன்றும் இல்லை.

"வெறிச்சுனு கெடக்கே," என்றார் அவர்.

"ஆட்டம் ஆரம்பிக்கட்டும்," என்றாள் குரு.

மதியம் மைதானத்தில் தலைவர் சண்முகவடிவேல் சரிகை வேட்டியோடு வந்து நின்றார். போனை நீட்டினார்.

"என்னவே இது? எம் படம் எங்க?"

"எடுத்தாச்சு, அண்ணாச்சி."

"யாரைக் கேட்டு எடுத்தீரு?"

"எல்லார் படமும் எடுத்தாச்சு. எம் படமும் எடுத்தாச்சு."

தலைவர் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். உண்மையிலேயே ஒருவரும் இல்லை. சண்டையை எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பொம்பளப் பிள்ளைக மேட்ச்சுதான. எப்படியும் தொலையும்," என்றார். விருந்தினருக்குப் பந்தி போட்டிருந்த மண்டபத்துக்குப் போய்விட்டார். கோட்டுக்கு வெளியே அம்மாக்களும் தங்கப்பழமும் மட்டும் நின்றார்கள்.

விசில் ஊதினார்கள்.

எதிரணி உயரமான பெண்கள். முதல் ரெய்டிலேயே புள்ளி எடுத்தார்கள். தங்கப்பழம் தட்டினார். ஜெபராணி போய் இரண்டு பேரைத் தொட்டு வந்தாள். தட்டினார். ஒவ்வொரு புள்ளிக்கும் எண் மாறியது. மாறிய எண் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கிணற்றுக்குள் கல் போடுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்கு முன்னால் டீக்கடைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. இங்கே ஜெபராணியைப் பிடித்துவிட்டார்கள், ஒரு புள்ளி போனது, அவர் தட்டினார். டீக்கடையில், "அட, விட்டுட்டாளே!" என்றது ஒரு குரல்.

அவர் திரும்பிப் பார்த்தார். டீக்கடையில் நாலைந்து பேர் ஒரே போனில் குனிந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் டம்ளரோடே மைதானத்துக்கு நடந்து வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் வந்தார்கள். மெக்கானிக் கடையிலிருந்து கிரீஸ் கையோடு இரண்டு பேர் வந்தார்கள். வந்து நின்றவர்களுக்குப் போன்கள் வந்தபடி இருந்தன. "ஆமாடா, நேர்லதான் பாக்கேன். சைட்ல போடுறது நம்ம தங்கப்பழம்தான்." "திருப்பூர்ல கம்பெனில எல்லாரும் மெஷினை நிறுத்திட்டுப் பாக்கானுவளாம்." "இப்படிப் புள்ளி எடுக்கிற பிள்ளை யாரு, கேக்கான் பாரு."

அம்மாக்கள் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டுத் தங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். நிற்க இடமில்லாமல் இருந்தது.

மண்டபத்திலிருந்து தலைவர் வந்தார். கையில் இன்னும் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. பெங்களூரில் இருக்கும் அவருடைய மகன் போனை வைக்கவே இல்லை. "இருடா, கிட்டப் போய்ப் பாத்துச் சொல்லுதேன்," என்றபடி கூட்டத்தைத் தோளால் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார்.

முப்பது, முப்பது.

கடைசி ரெய்டு. ஜெபராணி போனாள்.

கபடி கபடி என்ற மூச்சு மட்டும் கேட்டது. அவள் இடது மூலையைக் காட்டி வலது மூலைக்குப் பாய்ந்தாள். விரல் நுனி எதிராளியின் தோளைத் தொட்டது. திரும்பும்போது அந்த எதிராளியே காலைப் பிடித்துவிட்டாள். பிறகு இடுப்பைப் பிடித்தாள். ஜெபராணி விழுந்தாள். விழுந்தபடியே மண்ணில் இழுத்துக்கொண்டு வந்தாள். கை நீண்டது. நடுக்கோட்டின் சுண்ணாம்பு அவள் நகத்தில் ஒட்டியது.

நடுவர் கையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு மைதானத்தில் யார் யாரைத் தூக்கினார்கள் என்று சொல்ல முடியாது. தங்கப்பழம் யாரென்றே தெரியாத ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். அவர் வெள்ளைச் சட்டை முழுவதும் கிரீஸ்.

அப்போது மைதானத்தில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக அடிக்கத் தொடங்கின.

"என்னடா ஆச்சு?" "முப்பது முப்பதுலயே நிக்குதே!" "சொல்லித் தொலைங்கடா!"

அவருடைய போனும் அடித்தது. குருவின் குரல். "அண்ணாச்சி, போடுங்க."

"எதைப் போட?"

"ஸ்கோரை!"

கூட்டத்துக்கு மேலாகத் தலைவரின் குரல் வந்தது. "ஏ தங்கப்பழம்! ஸ்கோரைப் போடும்வே! எம் மவன் போன்ல என் உசிரை வாங்குதான்!"

அவர் எண்ணைத் தட்டினார். ஒருமுறை தப்பிப் போனது. மறுபடி தட்டினார்.

முப்பத்தொன்று. முப்பது.

மைதானத்தில் பிடித்திருந்த அத்தனை போன்களிலிருந்தும் ஒரே நேரத்தில் கத்தல் வந்தது. ஷார்ஜாவின் கத்தல், திருப்பூரின் கத்தல், பெங்களூரின் கத்தல். அம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தலைவர் மைக்கைப் பிடுங்கினார். வாழ்த்துரை எதுவும் சொல்லவில்லை. "அடுத்த வருசம் பொம்பளப் பிள்ளைக ஃபைனலும் ராத்திரி லைட்டுலதான்," என்றார். "இந்த வெயில்ல என்னால நிக்க முடியல."

மாலை வெளிச்சம் இருக்கும்போதே தங்கப்பழம் மாவு மில் மாடிக்கு ஓடிவந்தார். பின்னால் கோப்பையோடு ஜெபராணி. படியெல்லாம் அவள் காலின் செம்மண்.

குரு நாற்காலியைத் திருப்பவில்லை. "வாங்க. இதைப் பாருங்க."

திரையில் வெள்ளை எழுத்து வரிகள் கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. நிற்கவில்லை.

"இதெல்லாம் என்னக்கா?" என்றாள் ஜெபராணி.

"ஆளுங்க. பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி."

"மேட்ச்சுதான் முடிஞ்சிருச்சே?"

"பாத்தவங்க சொல்லி, பாக்காதவங்க வர்றாங்க."

ஜெபராணி கோப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். வரிகள் அவள் முகத்தில் ஓடின. அவள் அவற்றை எண்ணத் தொடங்கினாள். சிறிது நேரத்தில் உதடு அசைவதை நிறுத்திவிட்டு வெறுமே பார்த்தாள்.

தங்கப்பழம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். ஒரு பேனரைச் சரிபார்க்கும் கண்ணோடு மேலிருந்து கீழே பார்த்தார்.

"இதுல தலைவர் எது?"

"தெரியாது."

"எங்க அக்கா மவன்?"

"தெரியாது."

"எல்லாம் ஒரே அளவா இருக்கே, குருவே."

"ஆமா."

அவர் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். பிறகு கேட்டார். "நான் எங்க இருக்கேன்?"

"போன்ல திறங்க."

அவர் திறந்தார். திரையின் அடியில் புதிதாக ஒரு வரி வந்தது.

"அந்தா! அதுதான் நான்!"

விரலை நீட்டினார். விரல் போய்ச் சேர்வதற்குள் அதன் கீழே இன்னொரு வரி வந்தது. அதற்குக் கீழே பத்து. அவருடைய வரி மேலே, மேலே ஏறி, திரையின் விளிம்பைத் தாண்டியது.

"அடடா, போயிட்டேனே!"

"தனியாப் போகல, அண்ணாச்சி," என்றாள் குரு.